நான் மறுக்காத நோ

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

உடுப்புக் கூடையோடு பின்வளவுக்குப் போகும்போது மறுபடியும் வந்தது. நெஞ்சின் நடுவில் யாரோ முழங்கையை ஊன்றி அழுத்துவது போல; பிறகு தாடை வரை ஏறியது. கூடையை நிலத்தில் வைத்துவிட்டு எண்ணத் தொடங்கினேன். எழுபத்து மூன்றில் விட்டது.

மயூராவிடம் சொன்னேன். "அம்மா, அது வாய்வு. டொக்டரும் அதைத்தானே சொன்னவர்" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். பெற்ற மகள்!

ஆறு மாதமாக வாய்வு. ஆறு மாதமாக அமிலக் குளிசை. மெடிக்கல் சென்ரர் டொக்டர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. திரையில் பழையதை வாசித்துவிட்டு அதே குளிசையை எழுதுகிறார். முதல் நாளே நேர்ஸிடம் நெஞ்சில் கை வைத்துச் சொன்னேனே. அந்த நேரத்திலும் நொந்துகொண்டுதான் இருந்தது.

பெப்ரவரி 13

டொக்டரிடம் போகும்போது மொழிபெயர்ப்பாளர் கேட்கட்டாம், இல்லாவிட்டால் தான் கூட வருவாளாம் மயூரா. எனக்கு எதற்கு? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போகாமல் மறிக்கப்பட்டவள் நான். ரேடியோவிலும் நூலகத்திலும் தனியே இங்கிலிசு படித்தேன். திரைச்சீலைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் சூப்பர்வைசரோடு அந்த இங்கிலிசில்தான் வாதாடினேன். என் நெஞ்சை நானே சொல்லுவன்.

மார்ச் 4

பழைய டொக்டர் விடுமுறை. பதிலுக்கு வந்த பெண் டொக்டர், வாசல் படிகளை இரண்டு தரம் ஏறி இறங்கச் சொல்லிப் பக்கத்தில் நின்றார். நான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டதைக் கண்டார். உடனே இருதய நிபுணருக்குக் கடிதம்.

உறை என் கையில். திறந்தேன். என் நெஞ்சைப் பற்றிய கடிதத்தை நான் வாசிக்கக்கூடாதா? பழைய பதிவுகளும் சேர்ந்து இருந்தன. ஒவ்வொன்றிலும் இங்கிலிசில் அதே வரி: நோயாளி நெஞ்சு வலியை மறுக்கிறார். அகராதியை எடுத்து இரண்டு தரம் பார்த்தேன். மறுக்கிறார்தான்.

நானென்ன கோட்டுக் கூண்டிலயா நிக்கிறன்? எதை மறுத்தனான்? எப்ப மறுத்தனான்? அப்ப இவ்வளவு நாளும் என்னை என்னவெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தவை?

மார்ச் 20, வியாழன்

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் ஸ்கான். இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களையே படம் எடுப்பார்களாம். காலையிலிருந்து தேத்தண்ணி இல்லை. இருதயத்தை மெதுவாக்க ஒரு குளிசை.

படம் எடுப்பவர் பிரவீணா, திருச்சிப் பெண். கையில் ஊசி ஏற்றிவிட்டு, "வலிக்குதா ஆன்ட்டி?" என்று கேட்டார்.

"ஓம், நோ."

"ஓமா, நோவா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"நோ எண்டால் நோ. நோகுது, பிள்ளை!"

"ஐயோ, வலியா! ஆன்ட்டி, இங்க வேற யார்கிட்டயும் இப்படிச் சொல்லிடாதீங்க. வலி இல்லைன்னு எழுதிடுவாங்க" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. ஓகஸ்டில் மெடிக்கல் சென்ரருக்குப் போன முதல் நாள் கண்ணுக்கு முன்னால் வந்தது. நெஞ்சு வலி இருக்கிறதா என்று அந்த நேர்ஸ் கேட்கிறாள். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "நோ... நோ" என்கிறேன். எத்தனை இங்கிலிசு படித்தாலும் நோகும்போது வாயில் வருவது வீட்டுச் சொல்தான். அடுத்த கேள்வி, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா. அதற்கும் நோ என்றேன். அது மட்டும் இங்கிலிசு நோ.

என் பிழையா? இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவளைப் பார்த்தபடி 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டவளின் பிழை. இதில் நான் மாறப்போவதில்லை.

பிறகு ஸ்கான் வளையத்துக்குள் கட்டில் போனது. மருந்து ஏறியதும் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு இறங்கியது. கட்டிலிலேயே சலம் போய்விட்டதென்று பயந்தேன். "எல்லாருக்கும் அப்படித்தான் தோணும், ஒண்ணும் ஆகல. மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து குரல். பிடித்தேன். விடுங்கள் என்றார். முடிந்துவிட்டது! ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும் ஒன்றை, ஒரு மூச்சை அடக்கும் நேரத்துக்குள் அசையாமல் பிடித்துவிட்டார்கள்.

மார்ச் 21

அந்தச் சூடு நினைவை விட்டுப் போகவில்லை.

மார்ச் 27, வியாழன்

எப்படி எழுதுவது?

இருதய டொக்டர் வியட்நாம்காரி, ஐம்பது வயதிருக்கும். திரையை என் பக்கம் திருப்பினார். என் இருதயம். சிவப்பாக, ஈரம் காயாதது போல, தனியாக நின்றது. விரலை அசைத்தார், அது சுழன்றது. பின்பக்கத்தைக் கண்டேன், அடியைக் கண்டேன். குழாய்கள் அதன்மேல் கொடி போலப் படர்ந்திருந்தன, நுனிக்குப் போகப்போக மயிரளவாக மெலிந்து. எழுபத்தொரு வருடம் ஒரு நொடி நிற்காமல் எனக்குள் வேலை செய்த ஒன்றை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். கை கூப்பிவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

பிறகு குழாய்களை ஒவ்வொன்றாக நெடுக்காக விரித்துக் காட்டினார். வலப்பக்கக் குழாயில் சுண்ணாம்பு வெள்ளையாக உறைந்து கிடந்தது. இடப்பக்க முன்குழாயில் வெள்ளை இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு வீக்கம், அந்த இடத்தில் வழி ஒடுங்கியிருந்தது.

"உங்களுக்கு நெஞ்சு நொந்தது உண்மை" என்றார் டொக்டர், மெதுவான இங்கிலிசில்.

காரில் ஏறிய பிறகுதான் மயூரா, "சொரி அம்மா" என்றாள். நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமிலக் குளிசை நின்றது. அஸ்பிரின், கொழுப்புக் குளிசை, நாக்கின் கீழ் அடிக்க ஒரு ஸ்பிரே. கொழுப்புக் குளிசையை மூன்று வருடத்துக்கு முன் நானாகவே நிறுத்தியிருந்தேன், மருந்துக் கம்பனிக்காரரின் கதை என்று. அந்தச் சாம்பல் வீக்கத்தைக் கண்ட பிறகு எப்படி விழுங்காமல் இருப்பது?

ஏப்ரல் 9

இன்னொரு ஸ்கான். வழி ஒடுங்கினது முதல் படத்தில் தெரிந்துவிட்டது. அதற்கு அப்பாலுள்ள தசைக்கு இரத்தம் போதுமா என்பதை இது காட்டுமாம். ஓடாமலே ஓடியது போல ஆக்கும் மருந்தை ஏற்றினார்கள். படுத்தபடியே மூச்சு வாங்கியது. கிழவியை ஏமாற்றி மலையேற்றிவிட்டார்கள்.

ஏப்ரல் 16

இன்று இருதய டொக்டரோடு சண்டை.

இரண்டாவது ஸ்கானின் படங்கள் லாடம் போல வளைந்து, செம்மஞ்சளாக எரிந்தன. களைத்திருந்தபோது எடுத்ததில் முன்பக்கத்தில் ஒரு துண்டு இருட்டு. ஆறியிருந்தபோது எடுத்ததில் அதே துண்டு வெளிச்சம். அங்கே தசை உயிரோடு இருக்கிறது, தாகத்தோடு இருக்கிறது என்றார். அந்த இடத்து ஒடுக்கத்துக்கு மட்டும், குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு கம்பிவலை, ஸ்டென்ட். நெஞ்சைப் பிளக்கத் தேவையில்லை.

"மற்றது? சுண்ணாம்பாக் கிடக்கே, அதையும் திறவுங்கோ" என்றேன்.

மாட்டாராம். பார்க்க அசிங்கமாக இருந்தாலும், அதன் பின்னாலுள்ள தசைக்குக் குறைவில்லையாம். குளிசை போதுமாம்.

"அடைச்ச குழாயைத் திறக்காமல் விடுறதோ?" குரலை உயர்த்தினேன். மயூரா என் சீலைத் தலைப்பை இழுத்தாள்.

டொக்டர் கோபப்படவில்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் இருட்டைத் தேடினேன். அந்த வலக்குழாயின் பக்கம் முழுவதும் தேடினேன். களைத்தபோதும் ஆறியபோதும் ஒரே வெளிச்சம்.

மனிதர் சொல்லிக் கேட்கிற ஆள் நானில்லை. அந்த வெளிச்சத்தோடு எப்படி வாதாடுவது? "சரி, அது கிடக்கட்டும்" என்றேன்.

மே 7, புதன்

ஸ்டென்ட் வைக்க மணிக்கட்டால் உள்ளே போனார்கள். விழித்துக்கொண்டே இருந்தேன். திரையில் குழாய் இலையுதிர்ந்த கொப்பு மாதிரி. ஓரிடத்தில் மட்டும் நூலாக இளைத்திருந்தது. ஏதோ ஊதினார்கள். நெஞ்சு நொந்தது, பிறகு விட்டது. அடுத்த தடவை மருந்து பாய்ந்தபோது அந்த இடம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

யூன் 14, சனி

பக்கத்து வீட்டு யோகாவுடன் மரக்கறி வாங்கிக்கொண்டு மேட்டு வீதியால் ஏறி வந்தேன். ஒடியல் கூழுக்குப் புளி எப்போது விடுவது என்று வாக்குவாதம். முதலிலேயே விடவேணுமாம். யார் இவளுக்குச் சமையல் பழக்கியது? இரண்டு கையிலும் பையோடு கதைத்துக்கொண்டே வந்தேன்.

உச்சியில், "ராணியக்கா, கொஞ்சம் நில்லுங்கோ, மூச்சு வாங்குது. என்ன கால் உங்களுக்கு!" என்றாள் யோகா.

திரும்பிப் பார்த்தேன். வீதி முழுவதும் கீழே கிடந்தது. ஓரிடத்திலும் நின்றதாக நினைவில்லை.

அவள் மூச்சு ஆறும்வரை நின்றேன். புளி கடைசியில்தான் விடவேணும் என்று இன்னொரு தரம் சொன்னேன்.