ஐந்தாவது விரல்

என் கண்ணே,

இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். பதறாதே.

அவ்வளவு தூரத்தில் வேலை பார்க்கும் உன்னைக் கனவிலாவது பார்க்கலாம் என்று, நீ சொல்லித் தந்தபடி தினமும் விரல்களை எண்ணி வந்தேன். எண்ணிக்கை மாறினால் கனவு, கனவென்று தெரிந்துவிட்டால் நினைத்தவரை அதில் வரவழைக்கலாம் என்றாயே! புதன்கிழமை, மரம் அறுக்கும் மெஷின் முன்னால் எண்ணினேன். வலது கையில் நான்கு. வலிக்கவே இல்லை.

"அப்பாடா, கனவுக்குள்ள வந்துட்டேன்!" என்று சிரித்தேன்.

"யோவ், ரத்தம்யா!" என்று பக்கத்து மெஷின்காரர் அலறினார்.

கனவென்று தெரிந்ததுமே சந்தோஷத்தில் விழித்துவிடுவேன், இல்லையா? நேற்றுக் கனவில் ஐந்து விரலும் இருந்தன. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கனவு கலையாமல் இருக்க நீ சொன்னபடி உள்ளங்கைகளைத் தேய்த்தேன், விழிக்கவில்லை. நீ வந்தாய். ஐந்து விரலாலும் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உன் வீட்டுக்காரன்