தறப்பாளின் நீலம்

மார்ச் 11, செவ்வாய்

தூறல். வெளியே வெளிச்சம் நிமிடத்துக்கு ஒரு மாதிரி. திரைச்சீலையை மூடிவிட்டு வேலை. மிஞ்சின பெயின்ட் வீணாகக் கூடாது என்று இவர் இந்தச் சின்ன அறைச் சுவருக்கு பீச் நிறம் அடித்து வைத்திருக்கிறார். அது ஸ்கிரீனில் பட்டு எல்லாம் சிவக்கிறது. சாம்பல் நிறப் படுக்கை விரிப்பு ஒன்றை ஆணியடித்துத் தொங்கவிட்டேன். வீடியோக்களுக்கு நிறம் திருத்திப் பிழைக்கிறவளுக்கு வாய்த்த கணவர்.

சிவகரன் தந்த செத்தவீட்டு வீடியோ இன்று தொடக்கம். இங்கே ஸ்ட்ரெதத்தில் சாமான் கடையில் வேலைக்கு நிற்கிற பொடியன். அம்மா யாழ்ப்பாணத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். குரோய்டனில் அகதி வழக்கு இன்னும் இழுபடுகிறது, போனால் திரும்பி வர முடியாது. கொள்ளி வைத்தது அக்காவின் மகன். வருகிற ஞாயிறு முப்பத்தோராம் நாள் சடங்கு. இங்கே ஹோலில் சாப்பாடு, அதோடு வீடியோவும் போட வேண்டும்.

வீடியோக்காரன் கண்ணை எங்கே அடகு வைத்தானோ. முற்றத்தில் வெயிலுக்கு மறைப்பாக நீலத் தறப்பாள் கட்டி, அதற்குக் கீழே பெட்டி. அதன் நிறம் இறங்கி, தலைமாட்டில் கடும் நீலம், நெஞ்சுக்கு வர வெளிறி, கால்மாட்டில் சுத்த வெயில். முகத்தைத் திருத்தினால் கால் ஒரேஞ்சு. காலைத் திருத்தினால் முகம் இன்னும் நீலம். மேலிருந்து கீழே படிப்படியாகக் குறைகிற திருத்தம், கிரேடியன்ட், போட்டால்தான் சரி. போட்டேன். உடனே கமரா அசைகிறது. திரும்பவும் முதலில் இருந்து.

பின்னேரம் சிவகரனின் போன்.

"அக்கா, அம்மான்ர முகம் மட்டும் சரியா வரவேணும். நான் இன்னும் பார்க்கேல்லை. அண்டைக்கு லைவிலயும் பார்க்க மனம் வரேல்லை. நீங்கள் திருத்தித் தந்தாப் பிறகுதான் பார்ப்பன்."

இதை ஏன் என்னிடம் சொன்னான். இனி நித்திரை வந்த மாதிரித்தான்.

மார்ச் 12, புதன்

வெயில், மழை, வெயில். பாண் இல்லை, பிஸ்கட்டோடு காலைச் சாப்பாடு.

முகம் வந்துவிட்டது! சந்தோசத்தில் ஒரு துண்டை வதனி அக்காவுக்கு அனுப்பினேன். சிவகரனின் அக்கா, கடைசிவரை தாயோடு இருந்தவர். குரல் பதிவில் பதில்:

"பிள்ளை, இது ஆர்? எங்கட அம்மா பொதுநிறமெல்லோ. பவுடர் பூசி விட்ட மாதிரிக் கிடக்கு."

போய்ப் பார்த்தேன். கல்யாண வீடியோக்களுக்கு நான் சேமித்து வைத்திருக்கிற செட்டிங். பொம்பிளையை இரண்டு படி வெளுப்பாக்குகிறது. ஒருவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, செய்யாவிட்டால் மட்டும் முறைப்பாடு வரும். கை பழகிப்போய், செத்த மனுசிக்கும் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. எரிச்சல் முழுவதும் இவர் மேல் போனது. பாவம், தேத்தண்ணி வேணுமோ என்று மட்டும்தான் கேட்டார்.

எல்லாவற்றையும் அழித்தாயிற்று.

மார்ச் 13, வியாழன்

குளிர். பொயிலர் வேறு முனகுகிறது.

வதனி அக்கா அனுப்பின பழைய படங்களில் நிறத்துக்கு ஆதாரம் தேடல்:
– சுவரில் மாட்டிய படம்: ஸ்டூடியோக்காரன் ரோஸ் அடித்துவிட்டான்.
– அடையாள அட்டை: கரிக்கட்டை.
– கோயில் திருவிழாப் படம்: சிவப்புக் குடை நிழல்.

ஒரு மனுசியை ஒருவருமே ஒழுங்காகப் படம் எடுக்கவில்லை. கத்த வேண்டும் போல் வந்தது. வதனி அக்காவிடம் சொல்லியே விட்டேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு:

"பிள்ளை, அம்மான்ர கன்னத்தைத் தடவுற கை தெரியுதோ? அது என்ர கை. நானும் அம்மாவும் ஒரே நிறம்."

இவ்வளவு நேரமும் கண்ணுக்கு முன்னால் இருந்த கை. வீடியோ கோலில் தன் கையை வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டினார். தாளின் வெள்ளையை வைத்துக் கையின் உண்மை நிறத்தைக் கணித்து, செத்தவீட்டு வீடியோவில் அந்தக் கை சரியாக வரும்வரை கிரேடியன்டை இழுத்தேன். கை வந்தது, கூடவே முகமும். அனுப்பினேன்.

"ஓம். இப்பதான் அம்மா." என்று பதில் வந்தது.

மார்ச் 15, சனி

வேலை முடிந்து கடைச் சட்டையோடே வந்தான் சிவகரன். என் நாற்காலியில் இருத்தினேன். முகம் வந்த இடத்தில் அவனே நிறுத்தினான்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. இது அம்மா மாதிரி இல்லை."

எனக்கு வந்ததே கோபம். "உங்கட அக்காவே பார்த்து ஓம் எண்டிட்டா. இதுக்கு மேல என்ன செய்யச் சொல்லுறீர்?"

அவன் போனை எடுத்துக் காட்டினான். வீடியோ கோலில் பிடித்து வைத்த படங்கள். எல்லாம் குசினி டியூப் லைட்டுக்குக் கீழே. நீலம் பாரித்து, சிக்னல் இல்லாமல் பாதி உடைந்த முகம். சிரிக்கிறார், ஏசுகிறார், கமராவைத் தேடுகிறார்.

"இஞ்ச வந்தாப் பிறகு இதுக்குள்ளதான் அம்மாவைப் பார்த்தனான். உங்கட வீடியோவில இருக்கிறவ ஆரோ ஊர்ப் பெரியம்மா மாதிரி இருக்கிறா."

கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். இத்தனை நாள் பாடுபட்டுக் கழுவின நீலத்தை நானே திரும்ப ஏற்றினேன். தறப்பாளின் கடும் நீலம் இல்லை, டியூப் லைட்டின் வெளிறின நீலம். கொஞ்சம் கொஞ்சமாக.

"நிப்பாட்டுங்கோ அக்கா. காணும்."

பிறகு அழுதான். பெரிய சத்தமாக. குசினியில் இவர் தண்ணீர்க் குழாயைப் பூட்டுவது கேட்டது. நான் அறையை விட்டு வெளியே வந்து நின்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

நல்ல வெயில். ஹோல் புரொஜெக்டர் போட்டதை எல்லாம் மஞ்சளாக்கியது! யாரிடம் போய் அழ. ஒருவரும் கவனிக்கவில்லை. "வடை முடிஞ்சுதோ?" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

வீட்டுக்கு வந்ததும் வதனி அக்காவுக்கு, அவர் ஓம் என்ற நிறத்தில் இருந்த பிரதியை அனுப்பினேன். தம்பிக்குக் கொடுத்தது வேறு என்றும், ஏன் என்றும் சொல்ல வேண்டியிருந்தது. கோபிப்பார் என்று பயம். இப்போதுதான் பதில் வந்தது.

"அதையும் அனுப்புங்கோ பிள்ளை. அவனுக்கு அம்மா எப்பிடித் தெரிஞ்சவா எண்டு நான் ஒருக்காப் பார்க்கவேணும்."