நூற்று இருபது நாள்

ஜனவரி 12, 2025 – ஞாயிறு

பட்டர்வொர்த் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஃபஸீலா இன்று ஆயர் ஈத்தாம் வீட்டுக்கு வந்தாள். பகுதி நேரமாகக் காப்புறுதியும் விற்கிறாள். அம்மாவின் பழைய மருத்துவக் காப்புறுதிக் கார்டு ஒரு சின்ன அறுவைக்குக்கூடப் போதாது. அதற்கு மேல் இன்னொன்று சேர்க்க வேண்டும். அம்மாவுக்கு அறுபத்து நாலு ஆகிறது.

அப்பாவுக்கு ஸ்கேன் தேதி சொல்லி அரசாங்க மருத்துவமனையிலிருந்து வந்த கடிதம், அவர் இறந்து மூன்று வாரம் கழித்துதான் கிடைத்தது. இன்னொரு முறை அப்படி வேண்டாம்.

ஃபஸீலா கேள்விகளை வாசித்தாள். சர்க்கரை, இனிப்பு நீர்? இருதயம்? கட்டி, வீக்கம்? எல்லாவற்றுக்கும் அம்மா "இல்லம்மா" என்றார். கையெழுத்துப் போட்டார்.

அவள் போன பிறகு, கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "காமினி, அந்தக் கட்டி கேள்விக்கு நான் பொய் சொல்லிட்டேன்."

ஈரக் கையால் என் கையைப் பிடித்து இடது மார்பின் ஓரத்தில் வைத்தார். கல் மாதிரி இருந்தது. ஒரு வருடமாக இருக்கிறதாம்.

ஒரு வருடம். நானும் இதே வீட்டில்தானே இருக்கிறேன்?

ஜனவரி 13

காலை ஃபெரியில் ஃபஸீலாவிடம் கேட்டேன் – ஒருவருக்கு ஏற்கனவே ஏதாவது இருந்தால்?

அவள் கடலைப் பார்த்தபடி சொன்னாள்: "எனக்குத் தெரிஞ்சா நான் எழுதணும் அக்கா. எழுதினா கார்டு கெடைக்காது. கெடச்சாலும், புற்றுநோய்க்கு மொத நூத்தி இருவது நாளு கிளேய்ம் பணம் இல்ல. வேற ஒண்ணும் என்கிட்ட சொல்லாதீங்க லா."

நான் சொல்லவில்லை.

ஜனவரி 14

நாளைக்கே அரசாங்க மருத்துவமனைக்குப் போகலாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"போனா எழுதி வெச்சிடுவாங்க. அப்புறம் கார்டு யாரு குடுப்பா? ஒரு வருஷம் சும்மா இருந்தது, நாலு மாசத்துல என்ன ஆயிடப் போவுது?"

பிறகு, படிவத்தை அனுப்பிவிடு என்று ஃபஸீலாவுக்குச் செய்தி போட்டேன். போட்டது நான். அம்மா இல்லை.

ஜனவரி 27

கார்டு வந்துவிட்டது. இன்றிலிருந்து எண்ண வேண்டும்.

பிப்ரவரி 11 – தைப்பூசம்

அம்மா மலைக்கோயில் படி ஏறவில்லை. கீழே தண்ணீர்ப் பந்தலிலேயே உட்கார்ந்துவிட்டார். கை வலிக்கிறது என்றார். எந்தக் கை என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 17

கட்டி தோலை இழுத்துப் பிடித்திருக்கிறது. இரவிக்கையைத் தளர்த்தித் தைத்துக்கொண்டிருக்கிறார். இடுப்பும் வலிக்கிறதாம். போதும்மா, கார்டு வேண்டாம், கிளம்பு என்று கத்திவிட்டேன்.

"இன்னும் நாப்பது நாளுதான். இப்பப் போனா இத்தன நாளு பொறுத்துக்கிட்டது வீணா?"

எண்ணிக்கொண்டிருக்கிறார். நானும்தான்.

மே 28

தனியார் மருத்துவமனை. தமிழ் டாக்டர், என் வயதுதான் இருக்கும். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டார். அம்மா முந்திக்கொண்டார்.

"போன வாரம்தான் டாக்டர். குளிக்கும்போது கையில பட்டுச்சு. இவளுக்கே நேத்துதான் சொன்னேன்."

டாக்டர் மறுபடி தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். எழுதிக்கொண்டார்.

ஜூன் 3

டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். புற்று முதுகெலும்புக்குப் போய்விட்டது. இனி அறுவையால் பயனில்லை, மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். சொன்னார். அதை இங்கே எழுத முடியவில்லை.

அறைக்குத் திரும்பியதும் அம்மா ஒன்றுதான் கேட்டார்.

"கார்ட ஏத்துக்கிட்டாங்களா?"

"ஏத்துக்கிட்டாங்கம்மா."

"அப்பாடா" என்று கண்ணை மூடிக்கொண்டார்.