கோடு தாண்டிய மூன்றாம் வகுப்பு

ராஜபாளையம்
3.2.2025

அன்புள்ள யோகி,

போனில் என்றால் நீ கத்துவாய், நானும் இறங்கிப்போவேன். அதனால் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன்.

சனிக்கிழமை ஓட்டப் போட்டியில் நம் பள்ளியின் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிளையிலிருந்து வந்த உன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நன்றாகத்தான் புறப்பட்டார்கள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டதும் மூன்று பேர் கோட்டைத் தாண்டிப் பக்கத்துப் பாதைக்குள் விலகி ஓடிவிட்டார்கள். மூன்று பேரும் தகுதி நீக்கம். தாளாளர், "ஏம்மா, ஓடச் சொன்னா யாரோ பிடிக்க வாராகன்னு ஏய்க்குதுக! யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

பிள்ளைகளுக்கு நீ சொல்லித் தரும் கிளித்தட்டு விளையாட்டை நிறுத்து. வேகமான ஆறு பேருக்கு மட்டும் ஓட்டப் பயிற்சி கொடு, மற்றவர்கள் வகுப்பில் இருக்கட்டும். ஏட்டி, எனக்காகச் செய்.

உன்
நூர்னிசா


ஸ்ரீவில்லிபுத்தூர்
4.2.2025

அன்புள்ள நூர்,

சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று தாளாளரிடம் சொல். கோட்டில் நிற்பவள் கைக்கு எட்டாமல் ஏய்த்து ஓடுவதுதான் கிளித்தட்டு. முழு வேகத்தில் திரும்பவும், விழாமல் நிற்கவும், மறுபடி பாயவும் எட்டு வயதுக் கால்கள் அதில்தான் பழகுகின்றன. பாரம்பரியம், பெருமை என்று மேடையில் பேச எனக்கு வராது. கால்களைப் பார்த்துச் சொல்கிறேன். போட்டியில் தங்கள் பாதைக்குள் நேராக ஓட ஒரே வாரத்தில் பழக்கிவிடுவேன்.

ஆறு பேர் ஓட, முப்பது பேர் ஜன்னல் வழியே பார்ப்பதா? ஜூன் மாதம் நௌஷீன் ஓடப் பயந்து சுவரோரம் நின்றாள். இப்போது, "தொட்டுப் பாருட்டி!" என்று கோட்டில் நிற்பவளைச் சீண்டுகிறாள். உன் ஆறு பேரில் அவளுக்கு இடம் உண்டா?

நிறுத்த மாட்டேன்.

யோகி


ராஜபாளையம்
6.2.2025

உடற்கல்வி ஆசிரியை யோகேஸ்வரி அவர்களுக்கு,

திங்கள் முதல் தேர்வு பெற்ற ஆறு பேரைத் தவிர வேறு எவரையும் மைதானத்தில் இறக்கக் கூடாது. மீறினால் பணியிலிருந்து விடுவிக்கப்படுவீர்கள்.

நூர்னிசா
ஒருங்கிணைப்பாளர்


ஸ்ரீவில்லிபுத்தூர்
10.2.2025

அன்புள்ள நூர்,

நீ 'அவர்களுக்கு' என்று எழுதினாலும் நான் இப்படித்தான் எழுதுவேன்.

இன்று வகுப்பு முழுவதையும் இறக்கினேன். விக்னேஷ்வரன் வந்து, "டீச்சர், நாங்க வெளையாண்டா ஒங்கள அனுப்பிருவாகளாமே?" என்றான். "அது பெரியவங்க சண்டை. நீ ஓடுலே" என்றேன். ஓடினான்.

நாளையும் இறக்குவேன். என்னை விடுவிக்கும் ஆணையோடு வருவதானால் மூன்றரை மணிக்கு வா. பிள்ளைகள் எல்லோரும் மைதானத்தில் இருப்பார்கள். யார் யார் வகுப்புக்குத் திரும்ப வேண்டும் என்பதை நீயே அவர்களிடம் பெயர் சொல்லி அழைத்துச் சொல்.

யோகி