மாமாவின் ஜீப்பும் மாதாவின் வெளிச்சமும்

வியாழன். கச்சான் காற்று. தலை முழுக்க மணல்.

மாமா தன் பழைய ஜீப்பின் பொனட்டை எனக்குத் திறந்துவிட்டார். பெற்ற மகனையே தொட விடாதவர். அந்த மகன், என் புருசன் அன்ரனுக்குப் பொறாமை. இருந்தாலும் பெண்சாதி என்று எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்.

காரணம் போன வருடத் திருநாள். சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் மாதா சொரூபம் வைத்த கூட்டை இழுப்பது இந்த ஜீப்தான். லைட், லவுட்ஸ்பீக்கர் எல்லாம் அதன் பற்றரியில். பாட்டு உச்சத்துக்கு ஏற ஏற மாதாவின் முகம் மங்கிக்கொண்டே போனது. இந்த முறையும் மங்கினால் இனிக் கூட்டை இழுக்கச் சிலாபத்து லொறிதான் என்று கோயில் மூப்பர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமா சரியாகச் சாப்பிடவில்லை. பாவமாக இருக்கிறது.

வெள்ளி. நல்ல வெயில்.

பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றப் பெரிய அல்டர்நேட்டர் பூட்டியாயிற்று. பழைய வயர் சேமியா மாதிரி. இவ்வளவு கரண்டை அதில் விட்டால் புகைதான். நான் வேலை செய்யும் மோட்டார் கடையில் தடித்த வயர் எடுத்தேன். அல்டர்நேட்டரிலிருந்து நேரே பற்றரிக்கு. நடுவில் பியூஸ். எர்த் பிடிக்கும் இடமெல்லாம் உப்புத் துரு, சுரண்டிச் சுரண்டி விரல் போச்சு.

கரண்ட் இனி டாஷ்போர்டு அம்பியர் மீட்டர் வழியாகப் போகாது, அதன் வயரை மட்டும் கழற்றி விட்டேன். முள் அசையாது என்று மாமாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். ஓம் ஓம் என்றார். காலமெல்லாம் அந்த முள்ளைப் பார்த்தே ஓட்டின மனுசன்.

சனி. திருநாள்.

கோயில் மதிலைத் தாண்டவில்லை, லைட்டும் பாட்டும் ஒன்றாக நின்றன. வயர் எரிந்துவிட்டது என்றே நினைத்தேன். மூப்பர் பார்த்த பார்வை! செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினேன். புகை மணம் இல்லை. பியூஸ் சரி. மாமாவே சுவிட்சை நிப்பாட்டியிருக்கிறார்.

"முள்ளு ஏறுதில்ல மகள். பற்றரி செத்துப்போகும். கொஞ்சம் மிச்சம் பிடிப்பம்."

கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. பக்கத்து சீற்றில் ஏறிக்கொண்டேன்.

"முள்ளப் பாக்காதீங்க மாமா. பின்னால பாக்கிற கண்ணாடியில மாதாவப் பாருங்க. மங்கினா என்னை ஏசுங்க."

சுவிட்சைப் போட்டார். விட்ட இடத்திலிருந்து சனம் பாட்டை எடுத்தது. கடற்கரை வளைவில் மாமா ரோட்டையே பார்க்கவில்லை, கண்ணாடிதான். ஸ்டியரிங்கை நான் எட்டிப் பிடிக்க வேண்டியதாயிற்று. பெரிய பாட்டுக்குக்கூட ஒரு பொட்டு மங்கவில்லை. மூப்பர் லொறிக் கதையே எடுக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மணல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஞாயிறு. காற்று இல்லை.

இறைச்சிக் கறி மிச்சம். பாண் வாங்க ஜீப்பில் ஏறினேன். மீட்டர் கண்ணாடியில், முள் தெரியாதபடி, மாமா ஒரு சின்ன மாதா படம் ஒட்டியிருக்கிறார்.