முதல் பிரதமருக்குப் போடாத பூ

மல்வேர்ன், ரொறன்ரோ
யூலை 6

அன்புள்ள மகன் கீதனுக்கு,

அவுஸ்திரேலியாவில், உங்கள் பேர்த்தில், இப்போது குளிராக இருக்கும். உன்னையும் மருமகளையும் பிள்ளைகளையும் நல்லூர் முருகன் நோய்நொடி அண்டாமல் காக்கட்டும். நானும் உன் தங்கை ரதியும் சுகம், என் முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. ரெலிபோனில் என்றால் நீ இடையில் மறிப்பாய், அதனால் எழுதுகிறேன். எங்கள் முதியோர் சங்கத் தலைவர் விநாயகமூர்த்தி அண்ணை உன்னைக் கூப்பிட்டு, அம்மா சங்கத்தை அவமானப்படுத்திவிட்டா, மாதக் கடைசிக் கூட்டத்தில் அவவை மன்னிப்புக் கேட்கச் சொல்லு என்றாராம். நீயும் ஓம், சொல்கிறேன் என்றாயாம். அப்பாவின் சிநேகிதர் என்ற மரியாதையில் சொல்லியிருப்பாய். ஆனால் நடந்ததை முழுதாகக் கேட்காமல் ஓம் சொல்ல உன்னை நான் வளர்க்கவில்லை.

கனடா தினத்துக்கு இந்த நாட்டின் முதல் பிரதமர் ஜோன் மக்டொனால்டின் வாழ்க்கையை வாசிப்பதென்று சங்கத்தில் முடிவெடுத்தோம். செயலாளர் என்றபடியால் எழுதும் வேலை எனக்கு. எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்ய வராது, நூலகத்தில் இருந்து படித்துத்தான் எழுதினேன். ஐந்து வயதில் ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலில் வந்த பிள்ளை, பல்கலைக்கழக வாசல் மிதிக்காமல் வழக்கறிஞர் ஆனவர், கைக்குழந்தையையும் நோயாளி மனைவியையும் பறிகொடுத்தவர், தனித்தனியாகக் கிடந்த மாகாணங்களை ஒரு நாடாகச் சேர்த்தவர்களில் முதல்வர், றெயில்பாதை ஊழலில் பதவி இழந்து திரும்பி வந்து அந்தப் பாதையைக் கடல்வரை போட்டு முடித்தவர். குடி உண்டு, அதையும் எழுதினேன். கடைசிப் பந்தியில் அவருடைய அரசாங்கம் தொடங்கிய விடுதிப் பள்ளிகளை எழுதினேன். இந்த மண்ணின் ஆதிக்குடிப் பிள்ளைகளைத் தாய்தகப்பனிடமிருந்து பிரித்து, தலைமயிரை வெட்டி, தாய்மொழி பேசினால் அடித்த பள்ளிகள் அவை; நடத்தியவர்கள் பாதிரிமாரும் கன்னியாஸ்திரிகளும். அண்ணை அதைப் பார்த்துவிட்டு, நல்ல நாளில உது எதுக்குத் தங்கச்சி, நேரமும் காணாது என்றார். நான் ஒரு வரியும் வெட்டாமல் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

இங்கே விழா என்றால் முதலில் இந்த நிலத்தின் சொந்தக்காரரை நினைவுகூருவார்கள். அதற்கு ரதி தன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் வேரோனிக்காவைக் கூப்பிட்டிருந்தாள். அவளும் ஆதிக்குடிப் பெண்தான். அவளுடைய தாயை ஆறு வயதில் அப்படி ஒரு பள்ளிக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று காரில் போகும்போதுதான் ரதி எனக்குச் சொன்னாள். மண்டபத்துக்குள் போனால் மேடையில் மக்டொனால்டின் பெரிய படம், அதற்கு மல்லிகை மாலை, முன்னால் குத்துவிளக்கு. தலைவர் என்றால் மாலை போடாமல் நாங்கள் விடுவோமா? வேரோனிக்கா ஏற்கெனவே முன்வரிசையில் இருந்தாள். அண்ணை அவளைச் சிறப்பு விருந்தினர் என்று மேடைக்கு அழைத்து, படத்துக்குப் போடச்சொல்லிப் பூத்தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அவருக்கு அது விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை. அவள் படத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், கை எழவில்லை. ரதி வெளிறிப்போய் நின்றாள். அண்ணையோ அவள் கூச்சப்படுகிறாள் என்று நினைத்து, ஒரு பிடி பூவை எடுத்து அவள் கைக்குள் வைக்கப் போனார். நான் எழுந்துபோய்த் தட்டை அவரிடமிருந்து வாங்கினேன். "விடுங்கோ அண்ணை. இவரின்ர அரசாங்கம் துவங்கின பள்ளிக்கூடத்துக்குத்தான் இவவின்ர தாயைப் பறிச்சுக்கொண்டு போனவை. இவ பூப் போடமாட்டா" என்றேன். பக்கத்தில் மைக் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

பிறகு எழுதியது எல்லாவற்றையும் வாசித்தேன், கடைசிப் பந்தி உட்பட. பின்னாலிருந்து ஒருவர், கொன்வென்ற்றில படிச்சவவே கன்னியரைக் குறை சொல்லுறா, பாருங்கோ என்றார். சிலர் சிரித்தார்கள். அது எனக்குச் சுட்டது. எனக்கு எழுத்தும் நிமிர்ந்த நடையும் தந்தவர் சிஸ்டர் எமில்டா. ஆனால் காலையில் என்னை அவரிடம் விட்டது என் அம்மா, பின்னேரம் கூட்டிப்போனதும் அம்மா. என் பின்னலை ஒருவரும் வெட்டவில்லை. அந்தப் பந்தியை விட்டு வாசித்திருந்தால் சிஸ்டரே என்னை முழங்காலில் நிற்க வைத்திருப்பார். ஊரில் யுத்தத்தில் காணாமற்போன பிள்ளை எங்கே என்று முகாம் முகாமாகத் தேடி அலைந்தவர்களும் அந்த மண்டபத்தில் இருந்தார்கள், தம்பி. அவர்களுக்கு நடுவில் அந்தச் சிரிப்பு எழுந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வேரோனிக்கா சாப்பிடாமல் போய்விட்டாள். ரதி எடுத்தால் ரெலிபோனைத் தூக்கவில்லை. நேற்று வேலையில் ரதியைக் கண்டு, உன் அம்மா வாசித்தது சரி, ஆனால் உங்கள் மண்டபத்துக்கு இனி என்னைக் கூப்பிடாதே என்றாளாம். ரதி வீட்டுக்கு வந்து அழுதாள். படத்தை முதலே எடுத்திருக்கலாமே அம்மா என்று என்னையும் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான்.

கூட்டத்துக்கு நான் போவேன். வேரோனிக்காவிடம் சங்கம் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும், தலைவர் கையெழுத்து வைக்க வேண்டும் என்று கேட்பேன். மறுத்தால் செயலாளர் பொறுப்பை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வருவேன். அதற்குப் பிறகு அங்கே என்னோடு இருந்து தேத்தண்ணி குடிக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த வயதில் அது சின்ன விஷயமில்லை.

பிள்ளைகளுக்கு என் ஆசி, மருமகளுக்கு என் அன்பு. எல்லோரும் நீண்ட ஆயுளோடு, ஒருவர் கைக்கு ஒருவர் எட்டும்படி இருங்கள். இது கிடைத்தவுடன் விநாயகமூர்த்தி அண்ணைக்கு ரெலிபோன் எடு. மரியாதையாகப் பேசு, அப்பாவின் பாடையைத் தோளில் சுமந்தவர். ஆனால் நீ சொன்ன ஓமைத் திருப்பி வாங்கிக்கொள்.

உன் அம்மா,
கமலாம்பிகை