வெட்டாத பெயர்

சுங்கை லாலாங், கெடா
6 மார்ச் 1983

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை கேதரின் எழுதுவது. அந்தோனியார் தயவில் நானும் வீட்டுக்காரரும் சுகம். அவருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. கோப்பிக்கடைக்குப் போவதை மட்டும் விடுவதாக இல்லை. நீங்கள் கிறிஸ்துமஸ் கார்டில் எழுதிய இரண்டே வரிகளை நாங்கள் ஈஸ்டர் வரைக்கும் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறோம். லீட்ஸ் ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடும் இவ்வளவு சிக்கனமாகத்தான் பேசுவீர்களா?

இந்தக் கடிதத்தில் ஒரு காரியமும் இருக்கிறது. நம் தோட்டத்து ஆயக்கொட்டகை ஞாபகம் இருக்கும். ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகை. பள்ளிக்கூட வேலையை விட்டதும் அதைக் கேட்டு வாங்கி, ஒரு சின்ன அருங்காட்சியகமாக ஆக்கினேன் அல்லவா? பால்வாளி, வாளிகளைத் தோளில் தூக்கும் காண்டாக் கம்பு, வெட்டுக்கத்தி, அரிக்கேன் விளக்கு என்று இருநூற்றுப் பன்னிரண்டு பொருள் சேர்ந்துவிட்டது. இப்போது தோட்டத்தில் ரப்பரைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை போடுகிறார்கள். முறைப்படி அங்கீகாரம் வாங்கினால் கொட்டகையை விட்டுவைப்பார்களாம். இல்லாவிட்டால் வருஷக் கடைசியில் இடித்துவிடுவார்கள். துரைக்குப் பதிலாக வந்திருக்கும் மேனேஜர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அதனால் கோலாலம்பூரில் உள்ள அருங்காட்சியகப் பேரவைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். இருபத்தாறு பக்கம், அண்ணே. கூட்டிப் பெருக்கிப் பெயர்ப்பலகை மாட்டினால் போதும் என்று நினைத்தேன். அவர்கள் ஒவ்வொரு பொருளுக்கும் எண் கேட்கிறார்கள், யார் கொடுத்தது, எப்படி வந்தது, எங்கே ஓட்டை, எங்கே கறை என்று கேட்கிறார்கள். தீப்பிடித்தால் முதலில் எதைத் தூக்குவாய் என்றுகூட ஒரு கேள்வி. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு மார்க் போட்டவளுக்கு இப்போது யாரோ மார்க் போடப்போகிறார்கள். நன்றாக வேண்டும் எனக்கு.

எண் 88இல் மாட்டிக்கொண்டேன். அப்பா ஆள்வரவு குறித்த செக்ரோல் ஏடுகள் அவை. விடியற்காலை ஆளெண்ணும் பெரட்டில் அப்பா, கணக்கெழுதும் கிராணியின் உத்தியோகத் தோரணையில் நின்று பெயர் கூப்பிட, ஒவ்வொருவரும் "வந்தேங்க" என்று குரல் கொடுப்பார்களே, அந்தப் பெயர்கள். வராதவருக்குச் சுழி. செத்தவருக்குச் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு. அதைப் பெயர் வெட்டுவது என்பார்கள். யுத்தத்தில் சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் கொண்டுபோன அறுபது பேரில் பதினெட்டுப் பேர்தான் திரும்பினார்கள். மற்றவர்கள் பெயரை அப்பா ஒவ்வொன்றாக வெட்டினார். அங்கமுத்து என்ற ஒருவர் பெயரை மட்டும் வெட்டவில்லை. 1962இல் ஓய்வு பெறும்வரை மாதாமாதம் புது ஏட்டில் அந்தப் பெயரை எழுதி, நாள் தவறாமல் சுழி போட்டிருக்கிறார்.

அவருடைய மனைவி செல்லாயிதான் இங்கே கூட்டிப் பெருக்குகிறாள். புருஷன் போனபோது கல்யாணமாகி நாலு மாதமாம். இன்றுவரை பொட்டு, தாலி, பூ எதையும் விடவில்லை. இரண்டு தடவை வேறு மாப்பிள்ளை வந்தும் மறுத்துவிட்டாள். எழுதப் படிக்கத் தெரியாது. வாரம் ஒரு தடவை ஏட்டைத் திறக்கச் சொல்லி, அந்த வரியில் தன் விரலை வைக்கச் சொல்வாள். "வெட்டல தானே டீச்சர்?" என்பாள். வெட்டவில்லை என்பேன். எல்லாம் தெரிந்த கிராணி ஐயா வெட்டவில்லை என்றால் ஆள் எங்கேயோ இருக்கிறார் என்றுதானே அர்த்தம் என்பது அவள் கணக்கு. அப்பாவுக்கு மனசு வரவில்லை, இரக்கம் என்று நானும் நினைத்திருந்தேன்.

இனி எழுதுவதைப் படித்துச் சிரிக்காதீர்கள். பிற்பகல் மழையில் தகரக் கூரை அதிரும்போது, கொட்டகைக்குள் அப்பா பெயர் கூப்பிடுவது எனக்குக் கேட்கிறது. ஒரு மாதமாக. அங்கமுத்து என்றதும் நின்றுவிடுகிறது, பதிலுக்குக் காத்திருப்பதுபோல. கடைசி நோவில் கிடந்தபோதும் அவர் இப்படித்தான் மத்தியானமெல்லாம் பெயர் கூப்பிட்டார். அந்தப் பெயரில் நின்று நின்று மூச்சு வாங்கினார். தூங்கட்டுமே என்று ஒருநாள் நான் "வந்தேங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை உங்களுக்கு எழுதவே இல்லை. பயந்துபோனார், அண்ணே. பெற்ற மகளைப் பார்த்து.

அலுவலகத்து ஏடுகளை அவர் ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தார்? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். 'பொருள் வந்த வழி' என்ற கட்டம் காலியாக இருக்கிறது.

அன்புத் தங்கை,
கேதரின்


சுங்கை லாலாங்
24 ஏப்ரல் 1983

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பதில் வரவில்லை. தபால் தாமதம் என்று வைத்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை பேரவையிலிருந்து மதிப்பீட்டாளர் வந்தார். கவுஸ் என்று பெயர், நம் தமிழ் முஸ்லிம். அவர் அப்பா அலோர் ஸ்டாரில் துணிக்கடை வைத்திருந்தாராம். வெள்ளைக்காரர் மாதிரி ஒருவரை எதிர்பார்த்து நான் இங்கிலீஷை நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். அவர் வந்ததும் "டீச்சர், மொதல்ல ஒரு கிளாஸ் தண்ணி" என்றார். எனக்கு உயிர் வந்தது.

மனிதர் பொல்லாதவர். கிழிந்த ஏட்டில் நான் செல்லோடேப் ஒட்டியதற்குத் திட்டினார். தீ வாளியில் மணல் இல்லை, செல்லாயி அதில் கீரை விதை போட்டிருக்கிறாள், அதையும் எழுதிக்கொண்டார். பொருள்களின் விவர அட்டைகளில் என் கையெழுத்தைப் பாராட்டிவிட்டு, அழகு பெரிதில்லை, நாளைக்கு நீங்கள் இல்லாவிட்டாலும் பொருள் உண்மையைச் சொல்ல வேண்டும், அதுதான் தரம் என்றார். சரிதான் என்று தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டுகிறேன் என்று அப்போது தெரியாது.

எண் 88க்கு வந்தார். 1943 ஜூலை ஏட்டில் 'சயாம் போகிறவர்கள்' என்று ஒரு பட்டியல், அறுபது பெயர். டார்ச் விளக்கைப் பக்கத்தின்மேல் சாய்த்துப் பிடித்தார். நாற்பத்தேழாவது வரியில் தாள் மெலிந்திருந்தது. பிளேடால் சுரண்டி, அதன்மேல் எழுதியிருக்கிறது என்றார். மேலே அங்கமுத்து. அடியில் வேறு பெயர். பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து, "படிங்க டீச்சர்" என்றார்.

அப்பாவின் கையெழுத்தில் உங்கள் பெயர் இருந்தது, அண்ணே.

அறுபது ஆண் கணக்குக் காட்ட வேண்டும், ஆபீஸ்காரர் வீடும் தப்பாது என்று ஜப்பான்காரன் உத்தரவு போட்டதை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்களுக்கு அப்போது வயது பத்தொன்பது. நம் வீட்டிலிருந்து யாரும் போகாததற்கு அந்தோனியார் செய்த புதுமை என்றுதான் என்னை நம்பவைத்திருந்தார்கள். நானும் வருஷா வருஷம் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

இதோடு முடியவில்லை. ஏட்டு முதுகில் தையலுக்குள்ளே மடித்துச் செருகிய ஒரு சீட்டை கவுஸ் உருவினார். 1946 ஜனவரி, அப்பா எழுத்து, கீழே ஒரு கைநாட்டு. திரும்பிவந்த மூன்றாம் லயத்து வீட்டு ஆள் ஒருவர் சொல்ல அப்பா எழுதியது. அங்கமுத்து போன ஐந்தாம் மாதம் வாந்திபேதியில் இறந்தான், நானே புதைத்தேன் என்று இருக்கிறது. ஆக அப்பாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே பதினாறு வருஷம் சுழி போட்டார். சயாம் பட்டியலில் அந்தப் பெயரை வெட்டப் பேனா எடுத்தால், அதன் அடியில் இருக்கும் பெயர் கண்ணில் படும். அதற்குப் பயந்திருக்கிறார். அவர் பயத்தைச் செல்லாயி நல்ல செய்தி என்று நினைத்து நாற்பது வருஷம் பொட்டு வைத்திருக்கிறாள்.

எண் 88க்கு அட்டை எழுதி முடிக்கக் கவுஸ் தொண்ணூறு நாள் தந்திருக்கிறார். தெரிந்ததை மறைத்தால் அங்கீகாரம் கிடையாது, ஏட்டில் ஒரு புள்ளி கூட்டினாலும் குறைத்தாலும் கிடையாது. கிளம்பும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே செல்லாயி அவருடைய கார்மேல் விழுந்த இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உங்களுக்கு இது தெரியுமா? இதற்காவது பதில் போடுங்கள்.

கேதரின்


சுங்கை லாலாங்
3 ஜூலை 1983

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சயாமுக்கு ஆள் எடுத்த அன்று புகைக்கொட்டகைப் பரணில், ரப்பர் ஷீட்டுக்கு அடியில், உங்கள் பெயர் வரும் என்று படுத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்பா அங்கமுத்து என்று கூப்பிட்டாராம். அங்கமுத்து "வந்தேங்க" என்றாராம். லீட்ஸில் மழை பெய்தால் அந்தக் குரல் கேட்கிறது என்று எழுதிய வரியில் மை கலைந்திருக்கிறது. அப்பா சாவுக்குக்கூட நீங்கள் வராததற்கு உங்கள்மேல் நான் பட்ட கோபத்தையெல்லாம் அன்றைக்கு உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

ஆனால் கடைசி வரிக்கு என்னால் ஒப்ப முடியாது. இதை அட்டையில் எழுதினால் அப்பாவுக்கு என்ன மிச்சம் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதாவிட்டால் செல்லாயிக்கு என்ன மிச்சம்? எழுதிவிட்டேன். நாலே வாக்கியம், யாருக்குப் பதில் யார் போனார் என்பது உட்பட. அடித்துத் திருத்தவில்லை.

அட்டையை மாட்டுவதற்கு முன்னால் செல்லாயியை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். அவள் அழவில்லை. சீட்டை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். புதைத்தார்களா, ஆற்றில் விட்டார்களா என்று கேட்டாள். புதைத்ததாகத்தான் இருக்கிறது என்றேன். எழுந்து போய், பாதியில் விட்ட தரையைக் கூட்டி முடித்தாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் பொட்டோடுதான் வந்தாள். எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்: "பேரு இன்னும் அப்படியேதானே இருக்கு டீச்சர். வெட்டாம நான் எப்படிப் பொட்ட அழிக்கறது?"

கவுசுக்கு டெலிபோன் செய்து, அந்தப் பெயரை வெட்டலாமா என்று கேட்டேன். கோடு போட்டால் பொருளைச் சேதப்படுத்தியதாக தான் அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும், சான்றிதழ் வராது என்றார். பிறகு, தன் தாய்மாமனும் சயாம் போனவர்தான் என்றார். நான் அலி கடையில் சிவப்பு மை வாங்கிவந்து, அப்பாவின் பேனாவில் ஊற்றி, ஏட்டைத் திறந்தேன். கொட்டகை போனால் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு பொருளையும் வீட்டுக் கூடத்தில் அடுக்கிக்கொள்கிறேன், வீட்டுக்காரர் கோப்பிக்கடையிலேயே குடியிருக்கட்டும்.

செல்லாயி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பால்வாளி தூக்கிய கை, இன்னும் அந்தப் பிடி இருக்கிறது.

"நீங்க இல்ல டீச்சர்," என்றாள். "யாருக்குப் பதிலா அவரு வந்தேங்கன்னு சொன்னாரோ, அந்த ஆளு வந்து வெட்டட்டும்."

ஆகவே பேனாவை மூடிவிட்டேன். பதிவேட்டில் எண் 88க்கு நேராக, 'திரும்பப் பெறப்பட்டது; ஏடு இன்னும் முடியவில்லை' என்று எழுதிப் பேரவைக்கும் தெரிவித்துவிட்டேன். முடியாத ஏடு எப்படி அருங்காட்சியகப் பொருளாகும்? முக்கியமான பொருளையே எடுத்துவிட்ட இடத்துக்குச் சான்றிதழ் கிடைப்பது கஷ்டம் என்று கவுஸ் சொல்கிறார். சான்றிதழ் மாட்ட அடித்து வைத்த ஆணியில் செல்லாயி இப்போது குடையை மாட்டுகிறாள். ஏடு என் அலமாரியில் இருக்கிறது, பேனாவும் பக்கத்தில்.

பினாங்கில் இறங்கி ஃபெர்ரி ஏறினால் பட்டர்வொர்த்தில் நான் நிற்பேன். இருபத்தாறு வருஷத்தில் ஊர் மாறியிருக்கிறது, வழி தெரியாது என்று சாக்குச் சொல்லாதீர்கள். செல்லாயி உங்களை ஒன்றும் கேட்கமாட்டாள். அதுதான் கஷ்டமாக இருக்கும், சொல்லிவிடுகிறேன்.

நேற்றும் மழை. அப்பா கூப்பிட்டார். நாற்பத்தேழில் நின்றார். செல்லாயி கூட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கும் கேட்டதா என்று நான் கேட்கவில்லை. நான் பதில் சொல்லவும் இல்லை. அவர் நோவில் கிடந்த அன்றைக்குத் தெரியாமல் சொன்னேன். அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை.

ஆண்டவர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மூத்தவரைப் பெயர் சொல்லக் கூடாது என்று வளர்த்தார்கள், உங்களை ஒருநாளும் நான் பெயர் சொன்னதில்லை. இந்த ஒரு தடவை மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த வரியில் முதலில் இருந்த பெயரை நான் கூப்பிடுகிறேன்.

ஹெர்பர்ட்.

இந்தத் தடவை நீங்களே குரல் கொடுங்கள், அண்ணே.

உங்கள் தங்கை,
கேதரின்